த்ரூஃபோவின் கடைசிப் படம் ‘விவ்மான் திமான்ஷ்’: இதற்கு இவ்வளவு மரியாதை தேவையா?

(கொலையாளி யார் என்பது உட்பட முழுக்கதையும் இந்த இழையில் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

நாலாம்வரிசை · வெள்ளி, இரவு 9:40

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின் இந்தப் படத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பல்லவி. சினிமாவுக்கு அவர் எழுதிய பிரியாவிடைக் கடிதம், அந்திம காலத்து அமைதி, இன்ன பிற. இந்த வார இறுதியில் மறுபடி பார்த்தேன். அந்தப் பல்லவிக்குப் படத்தில் ஓர் ஆதாரமும் இல்லை.

தேதிகளைப் பாருங்கள். 1982 நவம்பர், டிசம்பரில் தெற்கு பிரான்சில் இயேர் என்ற ஊரைச் சுற்றிப் படம்பிடித்தார்கள். 1983 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்ததே அதற்குப் பிறகுதான். செப்டம்பரில் அறுவை சிகிச்சை. அதே மாதக் கடைசியில் அவருக்கும் படத்தின் நாயகி ஃபன்னி ஆர்தானுக்கும் மகள் பிறந்தாள். 1984 அக்டோபர் 21 அன்று, 52 வயதில் போய்ச் சேர்ந்தார். படம் எடுத்தபோது மனிதர் யாரிடமும் விடைபெறவில்லை. அடுத்தடுத்துக் கதைகள் கையில் இருந்தன. அவற்றில் ஒன்றைத்தான் 1988ல் க்ளோத் மில்லர் ‘லா பெத்தித் வொலோஸ்’ என்று எடுத்தார்.

கதை மறந்தவர்களுக்கு: வெர்செல் (ழான்-லூயி த்ரிந்தினியான்) ஒரு வீடு, மனைத் தரகு அலுவலகம் வைத்திருக்கிறார். சதுப்பு நிலத்தில் வாத்து வேட்டைக்குப் போன இடத்தில் மசூலியே என்பவன் முகத்தில் சுடப்பட்டுச் சாகிறான். அவன் வெர்செலின் மனைவியோடு தொடர்பில் இருந்தவன். அடுத்து மனைவியும் கொல்லப்படுகிறாள். எல்லா விரலும் வெர்செலைக் காட்ட, அவர் தன் அலுவலகத்தின் பின்னறையிலேயே ஒளிந்துகொள்கிறார். அவரால் வேலையை விட்டு நீக்கப்பட்ட காரியதரிசி பார்பரா (ஆர்தான்) மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு துப்பறியக் கிளம்புகிறாள். கடைசியில் வக்கீல் கிளெமான்தான் ஆள் என்று தெரிகிறது. மூலம் சார்லஸ் வில்லியம்ஸ் 1962ல் எழுதிய அமெரிக்கக் குற்றநாவல். திரைக்கதை த்ரூஃபோ, சூஸான் ஷிஃப்மான், ழான் ஒரேல்.

முந்தைய படமான ‘லா ஃபாம் த கோத்தே’வில் ஆர்தான் இரவில் மழைக்கோட்டோடு நடந்துவரும் காட்சித் துண்டுகளைப் பார்த்தபோதுதான் இவளை வைத்து ஒரு கறுப்பு வெள்ளைக் குற்றப்படம் எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான் விதை. ஒரு நடிகை, ஒரு கோட்டு, ஓர் இரவு.

நான் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் அவருடைய 21 முழுநீளப் படங்களில் இதை மேல்வரிசையில் வைக்க மனசு வரவில்லை. செத்துப்போனதால் கிடைத்த கூடுதல் மார்க்கைக் கழித்துவிட்டுப் பேசலாமா?

செல்லூரான் · வெள்ளி, இரவு 10:15

கழிச்சுட்டுப் பேசினா என்னண்ணே மிஞ்சும்?

நேராவே சொல்றேன், எனக்கு அறுவை. கொலைக்கேஸ்ல தேடப்படுற ஆளு சொந்த ஆபீஸ் பின்ரூம்லயே உக்காந்திருக்கான். போலீஸ் அங்க ஒரு தடவை ஒழுங்கா சோதனை போட்டிருந்தா படம் அரைமணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அப்புறம் நீஸ்ல ஒரு ஓட்டல், ஒரு நைட் கிளப், குதிரைப் பந்தயம், யாரு யாரைத் தேடுறாங்கன்னே பிடிபடல. கொலைகாரன் வக்கீலுன்னு தெரிஞ்சப்போ எனக்கு அதிர்ச்சியும் வரல, “அட, ஆமால்ல”ன்னும் வரல. துப்பறியும் கதைக்கு இந்த ரெண்டுல ஒண்ணாவது வரணும்.

த்ரிந்தினியானை வச்சுக்கிட்டு இப்படியா? ‘கன்ஃபார்மிஸ்ட்’ல நடிச்ச மனுஷன்.

மீனலோசனி · வெள்ளி, இரவு 10:52

செல்லூரான், பின்னறையில் ஒளிவது த்ரூஃபோவின் கண்டுபிடிப்பு இல்லை. நாவலிலேயே அப்படித்தான். நாவல் நடப்பது அமெரிக்காவின் தென்மாநிலச் சிற்றூர் ஒன்றில். அங்கே கதையைச் சொல்பவனே அந்த மனைத் தரகன்தான். காரியதரிசி பெயர் அங்கேயும் பார்பரா. அவள் வெளியே அலைந்து வேலைகளை முடித்துக்கொடுக்கிறாள், நாம் அவனுடைய மண்டைக்குள்ளேயே இருக்கிறோம்.

படத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், கேமராவைத் தூக்கிக்கொண்டு பார்பராவோடு வெளியே போய்விட்டார்கள். நாவலின் நாயகன் படத்தில் வீட்டில் காத்திருக்கும் பெண்டாட்டி மாதிரி ஆகிவிடுகிறான். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், யாரிடம் பேசினாய் என்று சிடுசிடுக்கிறான். த்ரிந்தினியான் வீணாகிவிட்டார் என்கிறீர்கள். அந்த எரிச்சலை அவர் என்ன அழகாகச் செய்கிறார்! குற்றமற்றவன், ஆனால் பழகுவதற்குச் சகிக்கமுடியாதவன். இப்படி ஒருவனைக் காப்பாற்ற இவள் ஏன் இத்தனை பாடுபடுகிறாள் என்பதுதான் படத்தின் உண்மையான மர்மம். யார் கொன்றது என்பது இரண்டாம்பட்சம்.

இன்னொன்று. பார்பரா உள்ளூர் அமெச்சூர் நாடகத்தில் நடிப்பவள். ஒத்திகையிலிருந்து நேராகக் கிளம்பியவள், பழங்கால ஏவலாள் உடையின் மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டே ராத்திரியெல்லாம் துப்பறிகிறாள். அந்தக் கோட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் கால்களும் காலுறையும் எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாத விஷயம். யாரும் அதைப் பற்றி விளக்கம் கேட்பதுகூட இல்லை.

செல்லூரான் · வெள்ளி, இரவு 11:03

கொலை மர்மத்தை விட்டுட்டுக் காதல் மர்மத்தைப் பாருங்கறீங்க. சரி. ஆனா டிக்கெட் கொடுக்கும்போது கொலைன்னுதானக்கா சொன்னாங்க.

ஒளிமானி · சனி, காலை 7:20

கதையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் என் பிழைப்பு.

ஒளிப்பதிவு நெஸ்தோர் அல்மெந்த்ரோஸ். ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒளி வரவேண்டும், காரணமில்லாமல் ஒரு விளக்குக்கூட எரியக்கூடாது என்ற பிடிவாதக்காரர். த்ரூஃபோவோடு அவர் சேர்ந்த முதல் படமான ‘லான்ஃபான் சொவாஜ்’ (1970) கறுப்பு வெள்ளைதான். அங்கே அந்தக் கொள்கை அப்படியே பொருந்தியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதி, மெழுகுவர்த்தி, ஜன்னல், குழந்தை முகம்.

இந்தப் படத்தில் அதே மனிதர் தன் கொள்கைக்கு எதிராக வேலை செய்யவேண்டிய நிலை. ஏனென்றால் த்ரூஃபோ கேட்டது நிஜமான இரவை இல்லை, நாற்பதுகளின் அமெரிக்கப் படங்களில் வரும் இரவை. கறுப்பு வெள்ளையில் பெரிய சிக்கல் என்னவென்றால், வண்ணத்தில் தனித்தனியாகத் தெரியும் சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் இங்கே ஒரே சாம்பலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆளைச் சுவரிலிருந்து பிரித்தெடுக்கப் பின்னாலிருந்து ஒரு விளக்கு வேண்டும். தலைமுடி ஓரத்தில் அந்த வெள்ளிக்கோடு விழவேண்டும். ஆர்தானுக்கோ கரிய முடி, அதுவும் இரவுக் காட்சிகள். பின்விளக்கு இல்லையென்றால் தலையே காணாமல் போய்விடும். மழையும் அப்படித்தான். பின்னாலிருந்து ஒளி படாத மழை திரையில் மழையே இல்லை. ஆக, இயற்கை ஒளியின் பக்தர் ஒருவர் படம் முழுக்க நியாயமே இல்லாத இடங்களில் விளக்கு வைத்திருக்கிறார்.

அதுவும் எப்போது? 1982ல். கறுப்பு வெள்ளைக்குப் பழகிய கைகள் ஆய்வகங்களிலேயே குறைந்துவிட்ட காலம். அதே 1983ல் வெளியான எரிக் ரோமேரின் ‘போலின் ஆ லா ப்ளாஜ்’ படத்துக்கும் இவர்தான் ஒளிப்பதிவு. அங்கே கடற்கரை, நீலம், வெள்ளை, சிவப்பு, எல்லாம் பளிச்சென்று வெயிலில் காயப்போட்ட மாதிரி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் செய்த வேலை என்று நம்பமாட்டீர்கள்.

எனக்கு இது சிறிய படமா பெரிய படமா என்ற கேள்வி எழவில்லை. அந்த மழைக்கோட்டின் சாம்பல் நிறத்துக்காகவே பார்ப்பேன்.

நாலாம்வரிசை · சனி, காலை 9:05

ஒளிமானி, இதற்காகத்தான் இந்தத் தளத்தில் இன்னும் இருக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வதே என் குறையை உறுதிப்படுத்தவில்லையா? தனக்கென்று ஒரு பார்வை உள்ள ஒளிப்பதிவாளர் இன்னொரு காலத்துப் படங்களைப் போலச் செய்து காட்டுகிறார். இசையும் அப்படித்தானே. ஜோர்ஜ் தெலெரு 1960ல் ‘தீரே சூர் ல பியானிஸ்த்’ தொடங்கி த்ரூஃபோவுக்கு எத்தனை படம் செய்திருக்கிறார்! இதில் பழைய ஹாலிவுட் பாணியில் ஓங்கி அடிக்கிறார். எல்லாமே மேற்கோள் குறிக்குள் இருக்கிறது.

ஒளிமானி · சனி, காலை 9:31

போலச் செய்தால் என்ன? போலச் செய்வதும் ஒரு கலைதான். இரவில் காரின் கண்ணாடியில் ஓடும் மழைநீரின் நிழல் முகத்தில் விழுவதை எத்தனை பேர் எத்தனை படத்தில் செய்திருந்தாலும், ஒழுங்காகச் செய்தால் இன்றைக்கும் சிலிர்க்கிறது. மேற்கோள் குறி படித்தவர்களுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

லாஷப்பல்வாசி · சனி, மதியம் 1:48

வணக்கம். நான் பாரிசில இருக்கிறன், யாழ்ப்பாணத்து ஆள். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இந்த இழையைக் கண்டதும் எழுதாமல் இருக்க ஏலேல்லை.

2014இல இஞ்ச சினிமாத்தெக்கில, அதான் திரைப்படக் காப்பகத்தில, த்ரூஃபோ கண்காட்சி வைச்சவை. அந்தச் சாட்டில படங்களையும் வரிசையாப் போட்டவை. இந்தப் படத்துக்குக் கூட்டம் நல்லா இருந்தது. நீங்கள் இதைத் தனியா மடிக்கணினியில பாக்கிறியளோ தெரியாது, அரங்கத்தில பாக்கேக்க இது வேற படம். ஆர்தான்ர குரல் இருக்கெல்லோ, அந்தக் கட்டைக்குரல், கதைக்கிற வேகம், அதுக்கே சனம் சிரிக்குது. பிரெஞ்சு விளங்கினால் இன்னும் நல்லம், ஏனெண்டால் வசனம் ஒண்டின்ர வாலை மற்றது மிதிச்சுக்கொண்டு ஓடுது. எழுத்தில வாசிக்கேக்க அந்த ஓட்டம் அரைவாசி போயிடும். செல்லூரான் தம்பிக்கு அறுத்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

கடைசிக் காட்சி ஞாபகமோ? தேவாலயத்தில கலியாணம். படப்பிடிப்பாளன்ர லென்ஸில இருக்கிற மூடி கழண்டு விழ, பாட வந்த சின்னப் பிள்ளையள் அதைக் காலால தட்டித்தட்டி விளையாடுதுகள். எழுத்துக்கள் அதுக்கு மேலதான் ஓடுது. கலியாணத்தை விட்டிட்டுக் கமரா பிள்ளையளின்ர காலைப் பாக்குது. அந்த மனுசன் ஆரெண்டு அதில விளங்கும்.

பிரியாவிடை எண்டு சொல்லுறது பிழை எண்டதில எனக்கும் உடன்பாடு. மொன்மார்த்ர் சவக்காலையில அவற்ற கல்லறை இருக்கு, பேரும் ஆண்டுகளும் மட்டும் பொறிச்ச கறுப்புக் கல். அங்க போய் நிண்டால் வேற மாதிரித்தான் யோசனை வரும். படத்தைப் பாக்கேக்க அந்த யோசனையைக் கொண்டுபோகக் கூடாது.

பழைய ரீல் · சனி, மாலை 5:30

இந்த விவாதத்தில் ஒருவர் இன்னும் பேசவில்லை. த்ரூஃபோவே.

1955 பிப்ரவரி. ‘கையே து சினேமா’ என்ற பிரெஞ்சு சினிமா விமர்சன இதழ். அப்போது அவர் படம் எதுவும் எடுத்துப் பேர் வாங்காத, 23 வயது விமர்சகர். வயதுக்கு மீறிய வாய். முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சு சினிமாவின் பெரிய திரைக்கதை ஆசிரியர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இப்போது எடுத்துக்கொண்டது ழாக் பெக்கரின் ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’. ஃபெர்னாந்தெல் நடித்த வண்ணப் படம், வசூலுக்காக எடுத்தது. பெக்கரைக் கொண்டாடியவர்களே முகம் சுளித்த படம். த்ரூஃபோ எழுதுகிறார்: முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றம், இரண்டாம் தடவை சலிப்பு, மூன்றாம் தடவை பரவசம். பிறகு போடுகிறார் குண்டை. அந்தப் படம் தோற்றுப்போன படமாகவே இருந்தாலும் அதைத் தூக்கிப்பிடிப்பேன், ஏனென்றால் அது பெக்கருடையது என்கிறார். ஒரு படத்தின் ஆசிரியர் அதன் இயக்குநர்தான், அவருடைய எல்லாப் படங்களையும் அந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும் என்கிற ‘ஆசிரியர் கொள்கை’ என்ற பெயரே அந்தக் கட்டுரைத் தலைப்பிலிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. படைப்புகள் என்று எதுவும் இல்லை, படைப்பாளிகள்தான் உண்டு என்ற எழுத்தாளர் ழிரோதூவின் வாக்கியத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

ஆக, பெரிய இயக்குநரின் சிறிய படத்தை என்ன செய்வது என்ற இந்தச் சண்டையை மூட்டிவிட்டவரே இவர்தான். 28 வருடம் கழித்து அவரே ஒரு சிறிய படம் எடுக்கிறார். அதன் நாயகியின் முழுப்பெயர் என்ன? பார்பரா பெக்கர். வேண்டுமென்றே வைத்தாரா என்பதற்கு நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பெயர்களில் விளையாடாத ஆள் இல்லை அவர்.

இந்தப் படத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள். பெண்களின் கால்களை ஒளிந்து பார்க்கும் ஆண், ஒன்றாக வேலை செய்வதிலேயே முளைக்கும் காதல், நாடக ஒத்திகை, சினிமாக் கொட்டகை டிக்கெட் கவுண்டர், குழந்தைகள். இதற்கு முந்தைய இருபது படத்திலும் பரவிக்கிடந்தவை இங்கே ஒரு மலிவான குற்றக்கதையின் சட்டைப்பைகளில் திணிக்கப்பட்டிருக்கின்றன. ‘லெ தெர்னியே மெத்ரோ’ மாதிரிப் பெரிய படத்தில் எல்லாம் பளபளப்பாக இருக்கும், பிரான்சின் பெரிய சினிமா விருதான செசார் பத்தும் வாங்கும். சிறிய படத்தில்தான் ஆளின் கைப்பழக்கம் தெரியும்.

தம்பி செல்லூரான், முதல் தடவை உங்களுக்கு ஏமாற்றம். சரியான வழியில்தான் போகிறீர்கள்.

செல்லூரான் · சனி, மாலை 6:12

ஐயா, நல்லா சிரிச்சேன். ஆனா விடமாட்டேன்.

இது பேரைப் பாத்து மார்க் போடுற கதைதானே? இதே படத்தை யாரோ ஒரு புது ஆளு எடுத்திருந்தா “பையனுக்குப் பழைய படங்கள் நிறையத் தெரியுது, திரைக்கதை மட்டும் சரியில்ல”ன்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போயிருப்பீங்க. த்ரூஃபோன்னதும் ஓட்டையெல்லாம் ஜன்னலா மாறிடுது. அந்தக் கொள்கைல தோல்விப் படமே எடுக்க முடியாது போல. நல்லா வந்தா மேதை, சொதப்பினா கைப்பழக்கம்.

மீனலோசனி · சனி, இரவு 8:45

செல்லூரான் சொன்னது லேசான விஷயம் இல்லை. த்ரூஃபோவை வளர்த்து ஆளாக்கிய ஆந்த்ரே பஸானே 1957ல் அதே ‘கையே’வில் இந்த எதிர்ப்பை எழுதினார். ஆளை வழிபடும் இடத்தில் இது போய் முடியும், சுமாரான ஆள் நல்ல படம் எடுப்பதும் பெரிய ஆள் மோசமான படம் எடுப்பதும் நடக்கத்தான் செய்யும் என்பது அவர் வாதம். அந்த பஸானுக்குத்தான் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படமான ‘400 அடிகள்’ஐக் காணிக்கையாக்கினார். ஆக ஒரே வீட்டுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு.

நான் பார்பராவின் பக்கம் நின்று பேசினேன். ஆனால் எனக்கும் இந்தப் படத்தில் ஓர் இடம் உறுத்துகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தெருவின் தரைமட்டத்தை ஒட்டி ஒரு ஜன்னல். ஒளிந்திருக்கும் வெர்செல் அதன் வழியே தெருவில் போகும் பெண்களின் கால்களைப் பார்க்கிறான். பார்பராவுக்கு இது தெரியும். ஒரு கட்டத்தில் வெளியே போனவள், அவன் பார்க்கட்டும் என்று அந்த ஜன்னலுக்கு முன்னால் வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் நடக்கிறாள். எல்லாரும் கொண்டாடும் காட்சி இது. அவள் கையில்தான் ஆட்டம் இருக்கிறது, அவன் பார்ப்பதை அவள்தான் தீர்மானிக்கிறாள் என்று வாதம் செய்யலாம். நானே செய்திருக்கிறேன். ஆனாலும், ராத்திரி பகல் பாராமல் ஒரு கொலை வழக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கிறவளை அந்த ஆள் கவனிக்கவேண்டுமென்றால் அவள் கால்களாக மட்டும் மாறிக் காட்டவேண்டியிருக்கிறது. இது 1977ல் எடுத்த ‘பெண்களை நேசித்த மனிதன்’ படத்தின் எச்சம். அங்கே அந்தப் பித்துக்கு ஒரு சோகம் இருந்தது, அவன் சவ ஊர்வலத்தில்தான் அந்தப் படமே தொடங்குகிறது. இங்கே வெறும் குறும்பு.

இப்போது கொலையாளியைப் பாருங்கள். தொலைபேசிக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட கிளெமான், தான் செய்தது எல்லாம் பெண்களுக்காக என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். பெண்களைப் பார்ப்பதும் தொடுவதும் பிடிக்கும் என்று கிட்டத்தட்டத் த்ரூஃபோவின் நாயகர்கள் பேசும் பேச்சையே பேசுகிறான். ஜன்னல் வழியே கால் பார்ப்பவனுக்குக் கல்யாணம், அதே பித்தைப் பிடித்து அலைந்த இன்னொருவனுக்குத் துப்பாக்கி. இயக்குநர் தன்னைத்தானே இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தண்டித்தாரோ என்று தோன்றும். த்ரிந்தினியானின் சாயலும் த்ரூஃபோவை நினைவூட்டுவதுதான். இது பெரிய விஷயம். ஆனால் படம் அதில் நிற்காமல் ஓடிவிடுகிறது. யோசிக்க ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் நான் இந்தப் படத்தைச் சிறியது என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

லாஷப்பல்வாசி · சனி, இரவு 9:20

அக்கா, அந்த ஓட்டத்தை நிப்பாட்டினால் படம் விழுந்திடும். நிண்டு யோசிச்ச படமும் அவர் எடுத்தவர்தானே, ‘லா ஷாம்ப்ர் வேர்த்’, 1978. செத்தவையை நினைச்சு மெழுகுதிரி கொளுத்திற மனுசன்ர கதை, தானே நடிச்சவர். பாக்க ஆள் வரேல்லை. இந்தச் சின்னப் படத்துக்கு பிரான்சில பத்து லட்சத்துக்கு மேல சனம் வந்தது.

பழைய ரீல் · சனி, இரவு 9:50

பிரியாவிடைக் கடிதம் என்று ஒன்று வேண்டுமானால் அந்தப் படத்தைத்தான் சொல்லவேண்டும். சாவதற்கு ஆறு வருடம் முன்பே எழுதிவிட்டார்.

நாலாம்வரிசை · ஞாயிறு, காலை 10:10

இரண்டு நாளாக எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க ‘தீரே சூர் ல பியானிஸ்த்’தை மறுபடி போட்டேன். காரணம், இரண்டும் ஒரே குடும்பம். அதுவும் அமெரிக்க மலிவுப் பதிப்புக் குற்றநாவல் (டேவிட் குடிஸ் எழுதியது), அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் தெலெரு, அதிலும் சிரிப்பும் கொலையும் ஒரே தட்டில். 1960ல் வெளியானபோது சனங்களுக்குப் பிடிக்கவில்லை.

வித்தியாசம் உடனே தெரிந்துவிட்டது. ‘பியானிஸ்த்’தில் இரண்டு கோமாளிக் கடத்தல்காரர்கள் உளறிக்கொண்டே வருவார்கள், நாம் சிரித்துக்கொண்டிருப்போம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பனியில் லேனா சுடப்பட்டு விழுவாள். அதற்கு முன்பே நாயகனின் மனைவி ஜன்னலிலிருந்து குதித்திருப்பாள். இரண்டு சாவும் வலிக்கும். கடைசியில் ஷார்ல் அஸ்னாவூர் பியானோ முன்னால் திரும்ப வந்து உட்காரும்போது அந்த முகத்தைப் பார்க்கமுடியாது.

‘விவ்மான் திமான்ஷ்’ஷில் நாலைந்து பிணம். யாருக்காகவும் யாரும் அழவில்லை. வெர்செலின் மனைவி மரி-கிறிஸ்தின் கொல்லப்பட்டது அவனுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். சினிமாக் கொட்டகை டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் சாகிறாள், அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகிறோம். கொலை இருக்கிறது, இழப்பு இல்லை. செல்லூரான் சொல்லும் திரைக்கதை ஓட்டைகளை நான் மன்னித்துவிடுவேன், அமெரிக்கப் படங்களிலேயே கதை புரியாத நல்ல குற்றப்படங்கள் உண்டு. மேற்கோள் குறியையும் ஒளிமானிக்காக விட்டுவிடுகிறேன். ஆனால் எந்த வயதிலும் சாவை லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாத ஓர் இயக்குநர் இதில் அதை லேசாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இதனால்தான் எனக்கு இது சிறிய படம். பழைய ரீல் ஐயா சொல்லும் கைப்பழக்கம் எல்லாம் இருக்கிறது, அந்த ஒன்று மட்டும் இல்லை.

அந்த ஆண்டு மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் நினைத்துப் பாருங்கள். 1983 கான் விழாவில் பிரெஸ்ஸோனின் ‘லார்ஜான்’. கோடாரியைக் காட்டியே நடுங்கவைத்த படம். வெனிஸில் கோதாரின் ‘ப்ரெனோம் கார்மென்’னுக்கு அந்த விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம். அலென் ரெனே ‘லா வி எத் தன் ரொமான்’னில் இதே ஆர்தானை வைத்து வேறு என்னவோ பரிசோதனை செய்துகொண்டிருந்தார். இவர்களுக்கு நடுவில் த்ரூஃபோ மழைக்கோட்டுத் துப்பறியும் கதை எடுத்தது சோம்பலா துணிச்சலா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

பழைய ரீல் · ஞாயிறு, காலை 11:40

இழப்பு இல்லை என்பது உண்மை. நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஏன் இல்லை என்று பாருங்கள்.

‘லா ஃபாம் த கோத்தே’, 1981. அதே ஆர்தான், அதே இரவு, அதே மழைக்கோட்டு. அந்த வீட்டுக்குள் நுழைந்து, காதலனைக் கட்டிப்பிடித்தபடியே அவனைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொள்வாள். த்ரூஃபோ எடுத்ததிலேயே மிகக் கறுப்பான முடிவு அது. எந்தக் காட்சித் துண்டுகளிலிருந்து இந்தப் படத்தின் விதை விழுந்தது என்று நீங்கள்தானே முதல் பதிவில் எழுதினீர்கள்? சாகப்போகிறவளாக நடந்துவந்த அதே பெண்ணை, அதே கோட்டோடு, இந்த முறை சாகவிடாமல் நடக்கவைத்திருக்கிறார். படம் தொடங்குவதே அவள் காலைநேரத்துத் தெருவில் விறுவிறுவென்று நடப்பதில்தான். எங்கிருந்தோ வந்த ஒரு நாய் அவளோடு ஒட்டிக்கொண்டு துள்ளுகிறது, எழுத்துக்கள் முடிகிறவரை அவ்வளவுதான் காட்சி. அழுகையை முந்தைய படத்திலேயே அழுது தீர்த்துவிட்டார். ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்துக்கு எதிராக எடுப்பது அவர் வழக்கம்.

சோம்பல் இல்லை ஐயா இது. எட்டு வாரத்தில், குளிர்காலத்தில், பெரும்பாலும் ராத்திரியில் எடுத்த படம்.

மீனலோசனி · ஞாயிறு, மதியம் 12:25

இதை ஏற்கிறேன். ஆனால் அப்படியென்றால் இந்தப் படம் தனியாக நிற்காது, முந்தைய படத்தின் மறுபக்கமாகத்தான் நிற்கும் என்று ஆகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் போடவேண்டும். திரையிடுபவர்கள் கவனிக்க.

ஒளிமானி · ஞாயிறு, மதியம் 1:02

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிவியில் வண்ணத்தைக் கூட்டும் அமைப்பு, அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். மங்கிப்போன பழைய பிரதி ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அதில் கறுப்பெல்லாம் சாம்பலாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அல்மெந்த்ரோஸைத் திட்டாதீர்கள்.

செல்லூரான் · ஞாயிறு, இரவு 11:15

எல்லாரும் இவ்வளவு சொன்னீங்களேன்னு இன்னிக்கு உக்காந்து ‘பியானிஸ்த்’ பாத்தேன். அந்தப் பனி, அந்தப் பொண்ணு விழுறது, யப்பா. அதுலயும் கதைல லாஜிக் பெருசா இல்ல, ஆனா எனக்கு ஒரு இடத்துலயும் கேக்கத் தோணல. அப்போ என் பிரச்சினை லாஜிக் இல்லன்னு ஒத்துக்கறேன். நாலாம்வரிசை அண்ணன் சொன்ன அந்த இழப்பு மேட்டர்தான்.

ஆனா இதுனால ஐயா கட்சி ஜெயிச்சதா நினைக்காதீங்க. ‘பியானிஸ்த்’ பாத்தப்புறம் ‘விவ்மான் திமான்ஷ்’ எனக்கு இன்னும் ரெண்டு மார்க் குறைஞ்சுதான் போச்சு. அதே ஆளுக்கு 28 வயசுல பயமில்லாம செய்ய வந்தது 50ல ஏன் வரல? “முந்தைய படத்துல அழுதுட்டார்”ங்கறது டைரக்டருக்கான பதில், டிக்கெட் வாங்கினவனுக்கான பதில் இல்ல. ‘லா ஃபாம் த கோத்தே’ நல்ல பிரதி எங்க கிடைக்கும்னு யாராவது சொல்லுங்க, அதையும் பாத்துட்டு வந்து சண்டை போடறேன்.

லாஷப்பல்வாசி · திங்கள், காலை 6:55

தம்பி, அதைப் பாத்த உடன இதைப் போடாதையும். ரெண்டு நாள் விட்டுப் பாரும்.